வெட்டச் சொன்னால் ஊசி போடுகிறார்களே, ஏன்? கெலாய்டு தழும்பின் கணக்கு

ஒரு பெண். கைக்குழந்தையாக இருந்தபோது தாய்மாமா மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அந்த ஓட்டையால் ஒரு தொந்தரவும் வரவில்லை. பதினெட்டு வயதில் தோழிகளோடு பார்லருக்குப் போய், காதின் மேல் விளிம்பில் கன் ஷாட் வைத்து இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டாள். மூன்று மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் திருகாணிக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு தடிப்பு. கம்மலைக் கழற்றியாயிற்று, மஞ்சள் வைத்தாயிற்று, ஆயின்மென்ட் தடவியாயிற்று. ஒரு வருடத்தில் அது புளியங்கொட்டை அளவுக்கு வந்து, பளபளவென்று, ராத்திரியில் அரித்துக்கொண்டு நிற்கிறது. இப்படி வளர்ந்துகொண்டே போகும் தழும்புக்குத்தான் கெலாய்டு என்று பெயர். தோல் டாக்டர்களுக்குப் பழகிப்போன கதை இது. "டாக்டர், இதை வெட்டி எடுத்துடுங்களேன்" என்றுதான் வருகிறவர்கள் ஆரம்பிப்பார்கள். டாக்டரோ வெட்டுவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம், முதலில் மாதம் ஒரு ஊசி என்பார்.

இந்த இடத்தில்தான் பலருக்கு நம்பிக்கை போகிறது. கண்ணுக்குத் தெரிகிற மேட்டை ஒரே நாளில் சீவி எடுக்காமல் ஆறு மாதம் ஊசி குத்துவானேன் என்று தோன்றும். "ஊசி போட்டும் போகவில்லை" என்று சலித்துக்கொள்பவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் இரண்டு ஊசியோடு நிறுத்தியிருப்பார்கள். அல்லது மேடு தட்டையான பிறகும் அங்கே ஒரு நிறம் மாறிய தடம் இருப்பதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கேட்டால், மருந்தில் இருக்கும் குறையைவிட, இந்த மருந்து எதைச் செய்யும் என்று யாரும் அவர்களிடம் உட்கார்ந்து சொல்லாததுதான் பெரிய குறை.

முதலில் தழும்பு. தோல் கிழிந்தால் உடம்பு அதைப் பழைய தோலாகத் திரும்ப நெய்வதில்லை, அவசரத்துக்கு ஒரு பூச்சுப் பூசுகிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் காயத்துக்குள் வந்து கொலாஜன் என்ற நார்ப்பொருளைக் கொட்டி இடைவெளியை அடைக்கின்றன. பிறகு, அதிகப்படியாகக் கொட்டியதை உடம்பே கரைத்து, மிச்சத்தை ஒழுங்குபடுத்துகிறது. இந்தச் செப்பனிடும் வேலை ஒரு வருடம் வரைகூடப் போகும். அதனால்தான் ஆபரேஷன் தழும்பு முதல் சில மாதம் சிவந்து தடித்திருந்து, பிறகு மெல்ல வெளுத்து அமர்கிறது. கெலாய்டில் சுவர் பூசி முடிந்த பிறகும் கொத்தனார் கிளம்புவதில்லை. வீட்டுக்காரர் போதும் என்று சொன்னது காதில் விழாத மாதிரி, பக்கத்துச் சுவரையும் சேர்த்துப் பூசிக்கொண்டே போகிறார். தோலின் ஆழமான அடுக்கில் அழற்சி அணையாமல் கனன்றுகொண்டே இருக்கிறது. அது அணையாதவரை கொலாஜன் குவிவதும் நிற்பதில்லை.

'பக்கத்துச் சுவர்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயைக் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான். தீக்காயத்துக்குப் பிறகோ தையல் போட்ட இடத்திலோ தடித்து எழும் எல்லாத் தழும்பும் கெலாய்டு ஆகிவிடாது. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது வேறு வகை. அது காயம் ஆறிய சில வாரங்களில் எழும்பும், ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே அடங்குவதும் உண்டு. கெலாய்டு எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் ஊர்ந்து போகும். காயம் ஆறி மாதக்கணக்கில், சில சமயம் வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும். தானாக அடங்குவது அபூர்வம்.

இந்த ஊர்ந்து போகும் குணத்தைப் பார்த்துத்தான் அதற்குப் பெயரும் வைத்தார்கள். பாரிஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில் இருந்த ழான்-லூயி அலிபேர் 1806-ல் இதை விவரித்தபோது, புற்றுநோயைப் போலப் பரவுகிறதே என்று அந்தச் சாயலில் ஒரு பெயர் வைத்தார். இது புற்றுநோய் இல்லை என்று தெளிந்த பிறகு, கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வேறு பெயர் தேடிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பிய மொழிகளில் புற்றுநோயைக் குறிக்கும் சொல்லுக்கும் மூலப்பொருள் நண்டுதான். நண்டிலிருந்து தப்பித்து நண்டின் கொடுக்கில் போய் மாட்டிக்கொண்டார். வளர்வதைப் பார்த்துக் கேன்சரோ என்று பயந்து வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. கெலாய்டு கேன்சர் இல்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டவும் ஒட்டாது.

யாருக்கு வரும்? வெளுத்த தோலைவிடக் கறுத்த தோலில் அதிகம். ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காண்கிறார்கள். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் அதிகம். குடும்பத்தில் ஓடும். 2010-ல் ஜப்பானியர்களிடையே செய்த மரபணு ஆய்வு, இதனோடு தொடர்புள்ள சில இடங்களைக் குரோமோசோம்களில் அடையாளம் காட்டியது. அப்பாவுக்கு நெஞ்சில் இருந்தால் பெண்ணுக்குக் காது குத்தும்போது கொஞ்சம் யோசிக்கலாம். அதிலும் வயது முக்கியம். அமெரிக்காவில் 2005-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், 11 வயதுக்கு முன் குத்திய ஓட்டைகளைவிட அதற்குப் பின் குத்தியவற்றில்தான் கெலாய்டு அதிகம் வந்திருந்தது. ஆய்வில் இருந்தவர்கள் முப்பத்துச் சொச்சம் பேர்தான், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் பாப்பாவாக இருக்கும்போதே காது குத்திவிடும் நம் வழக்கம் தெரியாத்தனமாக ஒரு நல்லது செய்கிறதோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

வரும் இடங்களிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நெஞ்சின் நடு எலும்பு, தோள், மேல்முதுகு, தாடை ஓரம், காது மடல். நம்மூரில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பிறந்ததும் பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடது கைப் புஜம். கண் இமையிலும் உள்ளங்கையிலும் வருவது அரிது. டோக்கியோவில் இருக்கும் பிளாஸ்டிக் சர்ஜன் ரெய் ஒகாவா இதற்குக் காரணமாகச் சொல்வது தோலின் இழுவையை. கை வீசும்போதெல்லாம் நெஞ்சுத் தோல் இடமும் வலமுமாக இழுபடுகிறது. அங்கே ஒரு பரு உடைந்து ஆறினாலும் அந்த இழுவை காயத்தைச் சும்மா விடுவதில்லை. நெஞ்சுக் கெலாய்டு பலருக்கும் குறுக்குவாட்டில் நீண்டு, ஓரங்கள் தடித்து வளர்வது அதனால்தான். இமைத் தோலோ எப்போதும் தொளதொளவென்று இருப்பது. காது மடலுக்கு மட்டும் இந்த விளக்கம் முழுசாகப் பொருந்துவதில்லை. அங்கே கம்மலின் உராய்வும், புதுத் துளையில் வரும் சீழும் சேர்ந்துகொள்கின்றன.

இப்போது வெட்டும் கேள்விக்கு வரலாம். கெலாய்டை வெட்டி எடுத்தால் மிஞ்சுவது ஒரு புதிய காயம், அதுவும் முதலில் குத்திய துளையைவிடப் பெரியது. தையல் போட்டு இழுத்து மூடுவதால் இழுவையும் கூடுகிறது. வளர்த்துவிட்ட உடம்பு அதேதான், இடமும் அதேதான். வெறுமனே வெட்டிவிட்டு வேறெதுவும் செய்யாமல் விட்டால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்ப வரும் என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. திரும்பி வருவது முன்பைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். புளியங்கொட்டையைக் கொடுத்து எலுமிச்சம்பழத்தை வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, டாக்டர் சொல்லும் அந்த மாத ஊசியில் இருப்பது ஸ்டீராய்டு. அது இங்கே எப்படி வந்தது? 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். அவர் எழுந்து நடந்தது அன்றைக்குப் பெரிய செய்தி. இரண்டே வருடத்தில் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், ததேயுஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அழற்சியை அணைக்கும் மருந்து என்றால் அணையாத அழற்சியால் வளரும் தழும்பிலும் முயன்று பார்க்கலாமே என்று டாக்டர்கள் யோசித்தது இயல்பு. 1960-களில் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டைக் கெலாய்டுக்குள் நேராகச் செலுத்துவது பரவலானது. இன்று வரை முதல் வரிசைச் சிகிச்சை அதுதான். நம் மருந்துக் கடைகளில் கெனாகார்ட் என்ற பெயரில் கிடைப்பதும் இதே மருந்து.

ஸ்டீராய்டு என்றதும் ஜிம்மில் உடம்பு ஏற்றுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசியை நினைத்து மிரளத் தேவையில்லை, அது வேறு குடும்பம். இன்னொரு பக்கம், டாக்டர் தரும் ஊசிக்குப் பயப்படுகிறவரே முகம் வெளுக்க வேண்டும் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கிரீமில் வீரியமான ஸ்டீராய்டு இருப்பதைக் கவனிப்பதில்லை. கிரீமைக் கெலாய்டின் மேல் தடவினால் போதாதா என்றால், அது அவ்வளவு தடிமனுக்குள் இறங்காது. அதனால்தான் ஊசி.

உள்ளே போன மருந்து பல வேலைகளை ஒன்றாகச் செய்கிறது. அழற்சிச் செல்களை அடக்குகிறது, ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, ஃபைப்ரோபிளாஸ்ட் பெருகுவதையும் கொலாஜன் உண்டாக்குவதையும் குறைக்கிறது. கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைத் தடுத்துக்கொண்டிருக்கும் பொருட்களையும் குறைத்துவிடுகிறது. கொத்தனார் கூட்டத்துக்குச் சிமெண்டு வரத்து நிற்கிறது, பூசியதைச் சுரண்டும் ஆட்களின் கட்டும் அவிழ்கிறது. இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. ட்ரையாம்சினோலோன் தண்ணீரில் எளிதில் கரையாத நுண்துகள்களாக இருப்பதால், போட்ட இடத்தில் வாரக்கணக்கில் தங்கி மெல்ல மெல்ல வேலை செய்யும். மூன்று வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி விடுவது இதனால்தான்.

அந்தச் சின்ன அறையில் நடப்பதைக் கிட்டத்திலிருந்து பார்த்தால் இதன் நுணுக்கம் புரியும். மருந்துக் குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதை முதலில் நன்றாகக் குலுக்குவார்கள். குலுக்காமல் உறிஞ்சினால் மேலாக இருக்கும் தண்ணீர்தான் வரும். பால் போலக் கலங்கிய அந்த மருந்தோடு, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னைச் சேர்ப்பார்கள். இன்சுலின் சிரிஞ்சு, அல்லது ஊசியைத் திருகிப் பொருத்தும் சிரிஞ்சு. சாதாரண சிரிஞ்சில் போட்டால், கெலாய்டு மருந்தை வாங்காமல் எதிர்த்துத் தள்ளும் வேகத்தில் ஊசி கழன்று மருந்து முகத்தில் தெறிக்கும். முதல் தடவை குத்தும்போது அது டயருக்குள் மருந்து ஏற்றுவது மாதிரி. கட்டைவிரல் வெளுக்க அழுத்தினாலும் துளித்துளியாகத்தான் இறங்கும். இறங்கும் இடத்தில் தழும்பு வெளுத்துப் புடைக்கும். வெளுத்தால் மருந்து சரியான அடுக்கில் இருக்கிறது என்று அர்த்தம்.

எதிர்ப்பே இல்லாமல் மருந்து சரசரவென்று இறங்கினால் சந்தோஷப்படக் கூடாது. ஊசி கெலாய்டைத் தாண்டி அடியில் இருக்கும் கொழுப்புக்குள் போய்விட்டது என்று பொருள். அங்கே போன மருந்தால் மேடு குறையாது, சுற்றியுள்ள நல்ல தோல் கரைந்து குழி விழும். பழகிய கை உடனே ஊசியைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். ரொம்பக் கல்லாக இருந்தால் முதலில் திரவ நைட்ரஜனைச் சில விநாடி அடித்து, கால் மணி நேரம் காத்திருப்பார்கள். உறைந்து விட்ட தழும்பு நீர் கோத்துத் தளர்ந்ததும் மருந்து கொஞ்சம் சுலபமாக இறங்கும். வலிக்குமா? வலிக்கும். காதிலும் நெஞ்சிலும் நன்றாகவே வலிக்கும். லிக்னோகெய்ன் பிறகு வரும் வலியைத்தான் குறைக்கும், முதல் அழுத்தத்தின் வலியை அதிகம் குறைக்காது. இரண்டாவது, மூன்றாவது தடவைகளில் தழும்பு மெத்தென்று ஆக ஆக வலியும் குறையும். கடினமான முதல் இரண்டு ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு, எளிதாகப் போகிற நேரத்தில் நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

மருந்து ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம், 40 மில்லிகிராம் என இரண்டு வீரியத்தில் வருகிறது. முகத்துக்கும் புதிதாகக் கிளம்பிய தடிப்புக்கும் குறைந்தது, கெட்டிப்பட்ட பழையதற்குக் கூடியது. பெரியவர்களுக்கு ஒரே நாளில் மொத்தம் 40 மில்லிகிராம் அளவோடு நிறுத்திக்கொள்வது பல டாக்டர்களின் வழக்கம். வீரியமான மருந்தில் அது வெறும் ஒரு மில்லிதான். காதில் உள்ள புளியங்கொட்டைக்கு அதில் ஒரு பங்கே போதும். நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருப்பதற்கு ஒரு மில்லி எந்த மூலைக்கு? பாகம் பிரித்து, இந்த மாதம் இந்த ஓரம் அடுத்த மாதம் அந்த ஓரம் என்று போகத்தான் வேண்டும். கெலாய்டு பெரிதாகும்வரை காத்திருப்பதன் செலவு இங்கேதான் தெரியும்.

பலன் என்ன? முதலில் அடங்குவது அரிப்பும் குத்தலும். ராத்திரி சொறியாமல் தூங்க முடிகிறது என்பதே பலருக்குப் பெரிய விஷயம். அடுத்து மெத்தென்று ஆகும், பிறகுதான் உயரம் குறையும். ஸ்டீராய்டு ஊசிக்கு 50 முதல் 100 சதவீதம் வரை பேருக்குப் பலன் கிடைத்ததாகவும், அப்படிப் பலன் கிடைத்தவர்களில் 9 முதல் 50 சதவீதம் வரை பேருக்குத் திரும்ப வந்ததாகவும் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் எழுதுகிறார்கள். இவ்வளவு அகலமான கணக்கைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஒருவர் 'பலன்' என்று எழுதுவது பாதி உயரம் குறைந்ததை, இன்னொருவர் எழுதுவது முழுசாகத் தட்டையானதை. காதையும் நெஞ்சையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினால் இப்படித்தான் வரும். பின்லாந்தில் 43 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் ட்ரையாம்சினோலோன் போட்டவர்களில் 60 சதவீதம் பேருக்கும், 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்து போட்டவர்களில் 46 சதவீதம் பேருக்கும் தழும்பு அடங்கியிருந்தது. புள்ளியியல்படி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தோல் மெலிவதும் நுண் ரத்தக் குழாய்கள் தெரிவதும் ஸ்டீராய்டு பக்கம்தான் அதிகம்.

பக்க விளைவுகளில் நம் நிறத்துக்கு முதலில் கண்ணில் படுவது வெளுப்பு. ஊசி போட்ட இடத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் திட்டு, சில சமயம் அதிலிருந்து கோடு இழுத்த மாதிரி ஒரு வெள்ளை வரி. வெண்குஷ்டம் வந்துவிட்டது என்று வீடே பதறும். பெரும்பாலும் மாதக்கணக்கில் நிறம் திரும்பிவிடும், ஒரு வருடம்கூட ஆகலாம். அடுத்தது குழி. மருந்து அதிகமானாலோ அடுக்குத் தப்பினாலோ மேடு இருந்த இடம் பள்ளமாகும், தோல் சிகரெட் பேப்பர் போலச் சுருங்கும், சிவப்பு இழைகள் தெரியும். சிலருக்குப் புண்ணாவதும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறலாம், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு முன்பின் ஆகலாம். இதை அநேகமாக யாரும் சொல்லி அனுப்புவதில்லை, தேதி தள்ளிப்போன பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். குழந்தைகளுக்கு அளவு மீறினால் முகம் உப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பே மந்தமாகிப்போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. கர்ப்பமாக இருந்தால் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். சீழ் பிடித்திருந்தால் முதலில் அது ஆற வேண்டும்.

மூன்று நான்கு ஊசிக்குப் பிறகும் அசையவில்லை என்றால் தனி ஊசியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. ஸ்டீராய்டைக் கொஞ்சமாகவும் 5-ஃப்ளூரோயுராசிலை அதிகமாகவும் கலந்து போடுவது இப்போது சாதாரணம். அது கேன்சர் மருந்துதான், ஆனால் இங்கே போவது சொட்டு அளவு. காதுக்கு வெட்டுவதும் ஒரு வழிதான், வெட்டியதோடு விட்டுவிடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. தையல் போட்ட இடத்திலேயே ஸ்டீராய்டு, பிறகு மாதாமாதம் ஊசி, கூடவே காதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் கம்மலைப் பல மாதம் விடாமல் போட்டுக்கொள்வது. அடங்காத கெலாய்டுகளுக்கு, வெட்டிய ஒன்றிரண்டு நாளுக்குள் ரேடியேஷன் கொடுக்கும் இடங்களும் உண்டு. சிலிக்கான் ஷீட்டை ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால் வராமல் தடுக்க ஓரளவு உதவும், வளர்ந்து நிற்பதை அது இறக்காது. வெங்காயச் சாறு கலந்த ஜெல்லைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: கெலாய்டுக்கு அந்தக் காசை ஊசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். பார்வைக்குத் தட்டையாகிவிட்டதே என்று நான்காவது மாதம் நிறுத்திவிட்டு வருகிறவர்களின் தழும்பைத் தடவினால், நடுவில் மெத்தென்றும் ஓரத்தில் கயிறு மாதிரி கெட்டியாகவும் இருக்கும். கெலாய்டு வளர்வது அந்த ஓரத்திலிருந்துதான். கடைசி ஊசிகள் அந்த ஓரத்துக்கு உரியவை. ஓரமும் இளகிய பிறகு இடைவெளியை ஆறு வாரம், மூன்று மாதம் என்று நீட்டி, ஒன்றிரண்டு வருடம் கண் வைத்திருப்பார்கள். திரும்ப வருவதாக இருந்தால் மேடு தெரிவதற்கு முன்பே பெரும்பாலும் அரிப்பு வந்துவிடும். குளிக்கும்போது சோப்பு வழுக்கும் விரலுக்கு அந்தப் பழைய கயிறு தட்டுப்படும். அந்த வாரமே போனால் அரை மில்லி மருந்துகூடத் தேவைப்படாது.